காரின் டேஷ்போர்டில் ஒட்டிய மர நிறக் கிட்டை, டேஷ்போர்டு சேதமாகாமல் கழற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

செகண்ட் ஹேண்டில் இன்னோவா, சுவிஃப்ட், சான்ட்ரோ போன்ற வண்டிகளை வாங்கும்போது, பழைய உரிமையாளர் ஆக்சசரீஸ் கடையில் கொடுத்து ஒட்டிய மர நிற அலங்காரத் துண்டுகளின் கிட்டும் சில நேரம் கூடவே வந்துவிடும். ஏ.சி. வென்ட்டைச் சுற்றி, ஸ்டீரியோவைச் சுற்றி, கியர் கன்சோலில், கதவின் பவர் விண்டோ சுவிட்ச் பட்டையில் என்று பல துண்டுகள் இருக்கும். வருடக்கணக்கில் வெயில் பட்டு விளிம்பு தூக்கிக்கொள்ளும். மேல் பூச்சு வெடிக்கும். ஓரத்தில் கறுப்புப் பிசுக்கு சேரும். அப்போதுதான் கழற்றிவிடலாம் என்று தோன்றும்.

நான் பார்த்தவரை, இந்த வேலையில் டேஷ்போர்டு கெடுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். சூடு காட்டும் முன்பே நெம்பத் தொடங்குகிறார்கள். பசையை உருட்டி எடுக்கும் முன்பே துணியில் தின்னரை நனைத்துத் தேய்க்கிறார்கள். கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றினால் வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம்.

தொடங்கும் முன்பே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் துண்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். அது உடைந்தாலும் வளைந்தாலும் போகட்டும். காப்பாற்ற வேண்டியது அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை. ஒரு துண்டை முழுசாக எடுக்க ஆசைப்பட்டு டேஷ்போர்டில் கீறல் போட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1. ஒட்டியதா, கம்பெனியே பொருத்தியதா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்னோவாவின் உயர் வகைகளைப் போலச் சில கார்களில் கம்பெனியே மர நிறப் பட்டைகளைக் கொடுத்திருக்கிறது. அவை பின்பக்கம் கிளிப்பிலோ ஸ்குரூவிலோ நிற்பவை. அவற்றைச் சூடுபடுத்தி நூலால் அறுக்கப் போனால் கிளிப்தான் உடையும்.

கண்டுபிடிப்பது எளிது. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய துண்டு, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விட 1 முதல் 2 மி.மீ. மேலே நிற்கும். அதன் விளிம்பு பேனலின் விளிம்போடு சரியாகச் சேராமல், உள்ளே கொஞ்சம் தள்ளி முடியும். சுவிட்சுக்கும் வென்ட்டுக்கும் வெட்டிய ஓட்டைகள் தேவைக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். கம்பெனிப் பட்டையென்றால் பேனலின் இணைப்புக் கோடுவரை ஒரே மட்டமாகப் போகும்.

சந்தேகம் தீரவில்லையா? அதே மாடல் வண்டி ஒன்றின் உள்பக்கப் படத்தை இணையத்தில் பாருங்கள். வகைக்கு வகை உள் அலங்காரம் மாறும். அதனால் உங்கள் வகையின் படத்தையே தேடிப் பாருங்கள்.

2. துண்டு எந்த வகை, அடியில் இருப்பது என்ன?

கடைகளில் ஒட்டுபவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். முதலாவது, அச்சிட்ட தாளின் மேல் கண்ணாடி போன்ற தடித்த பிசின் ஊற்றிய துண்டு. மேல்பக்கம் குமிழ் போல மேடாக இருக்கும். புதிதாக இருக்கும்போது வளையும், பழசானால் சில துண்டுகள் வெடித்து உடையும். இரண்டாவது, அச்சில் வார்த்த கெட்டியான பிளாஸ்டிக் துண்டு. இது வளையாது, அதனால் பின்னாலுள்ள டேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, வெறும் வினைல் ஸ்டிக்கர். மூன்றிலும் சுலபமானது இதுதான், சூடு காட்டி உரித்தாலே போதும்.

அடியில் இருக்கும் பரப்பு இதைவிட முக்கியம். டேஷ்போர்டின் சொரசொரப்பான, பளபளப்பில்லாத பெரிய பகுதிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதைக் கரைக்கக்கூடிய திரவங்கள் குறைவு, பசையும் இதில் சுமாராகத்தான் பிடிக்கும். ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள சட்டம், கன்சோல் முகப்பு போன்றவை பல வண்டிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோனும் தின்னரும் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பேனலைக் கழற்ற முடிந்தால், அதன் பின்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் பெரும்பாலும் அச்சிலேயே பொறித்திருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பெயின்ட் அடித்த பரப்பு. சில்வர் நிறச் சட்டங்களும், தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பேனல்களும் இதில் சேரும். பசை இழுக்கும்போது பெயின்ட் அதோடு கிளம்பி வரலாம். இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. அதே பேனலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சாதாரண செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரியுங்கள். டேப்பில் நிறம் ஒட்டி வந்தால் அந்தப் பேனலில் பெயின்ட் வலுவிழந்திருக்கிறது. அங்கே துண்டை எடுத்த பிறகு மறுபடி பெயின்ட் அடிக்க நேரலாம் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள், அல்லது அந்தத் துண்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

3. ஏர்பேக் இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம்

ஸ்டீயரிங்கின் நடுவிலும், பயணி இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டிலும் ஏர்பேக் என்ற எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் கட்டாயமானது. பயணி பக்க ஏர்பேக் 2021-இல் கட்டாயமாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளிலும் உயர் வகைகளில் ஏர்பேக் இருந்தது. எனவே வண்டியின் வருடத்தை வைத்து முடிவு செய்யாமல், எழுத்தைத் தேடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏர்பேக் மூடியின் உள்பக்கத்தில் வேண்டுமென்றே மெல்லியதாக விட்ட ஒரு கோடு இருக்கும். பை விரியும்போது மூடி அந்தக் கோட்டில்தான் கிழிய வேண்டும். அங்கே சூடு காட்டுவதும் நெம்புவதும் அந்தக் கோட்டைப் பாதிக்கலாம். அதற்காக மூடியின் மேல் ஒட்டிய துண்டை அப்படியே விட்டுவிடுவதும் நல்லதல்ல, ஏர்பேக் விரிந்தால் அது முகத்தை நோக்கிப் பறக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நீங்களே செய்யலாம்.

4. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வேலையின் நடுவில் எழுந்துபோய்ப் பொருள் தேடினால் சூடாக்கிய பசை ஆறிவிடும். அதனால் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர் ஒன்று, அது வண்டிவரை எட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர். டென்டல் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) அல்லது தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய தங்கூஸ் நரம்பு. பழைய ஏடிஎம் கார்டு இரண்டு மூன்று. ஆக்சசரீஸ் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கார்டு போதும். மாஸ்கிங் டேப் (பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தை மறைக்க ஒட்டும் காகித டேப்), நல்ல பிடிப்புள்ள அகலமான டேப், மைக்ரோஃபைபர் துணிகள், மென்மையான பல் தேய்க்கும் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீர். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். பழைய பிசின் துண்டு உடையும்போது சில்லு தெறிக்கும், உடைந்த விளிம்பு பிளேடு போல இருக்கும்.

எடுத்து வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்குரூ டிரைவர், சமையல் கத்தி, பிளேடு ஆகியவை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் ஒரு முறை வழுக்கினால் போதும், அந்தக் கோடு போகவே போகாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் ஆகியவை வண்டிக்குள் வரவே கூடாது. முதல் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெட்ரோல் ஆவி மூடிய இடத்தில் நெருப்புக்குக் காத்திருப்பது போல. நீலகிரித் தைலம் பசையை நன்றாகவே இளக்கும், ஆனால் சில வகைப் பிளாஸ்டிக்கையும் தொட்டுவிடும் என்பதால் நான் டேஷ்போர்டில் பரிந்துரைப்பதில்லை. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னும் வேண்டாம். அதிலிருந்து வரும் காற்று 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஏபிஎஸ்ஸோ 100 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். ஒரு கணம் கை தாமதித்தாலும் பேனல் அலை அலையாக வளைந்து நிற்கும்.

5. வண்டியை எங்கே, எப்போது நிறுத்துவது

நம் ஊர் வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு மேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முன்கண்ணாடி வெயில் பார்க்கும்படி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மூடிய காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைக்கூட எட்டும். பசை அடிவரை சமமாகச் சூடாகியிருக்கும். ஹேர் டிரையரால் அந்தச் சமமான சூட்டைக் கொடுக்க முடியாது.

பிறகு வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, கதவுகளைத் திறந்து வைத்து வேலையைத் தொடங்குங்கள். வெயிலிலேயே செய்ய வேண்டாம். பசை அளவுக்கு மீறி இளகினால் நூலில் அறுபடாமல் ஜவ்வு போல நீளும், பரப்பில் பரவும். கையும் தாங்காது.

மழைக்காலத்திலோ மலைப்பகுதியிலோ இருந்தால் ஹேர் டிரையரை மட்டும் நம்புங்கள். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சாவியை எடுத்துவிடுங்கள். இருக்கைகளிலும் கியர் லிவரின் மேலும் பழைய துணி விரியுங்கள். ஆல்கஹால் சொட்டினால் தோல் சீட்டின் சாயம் போகும்.

6. எந்தத் துண்டில் தொடங்குவது

எல்லோரும் கண்ணில் படும் பெரிய துண்டில், அதாவது ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள துண்டில் தொடங்குகிறார்கள். அங்கேதான் தொடங்கக் கூடாது. ஓட்டுநரின் முழங்கால் பக்கம் கீழே இருக்கும் துண்டையோ, கதவின் கீழ்ப் பகுதியில் இருப்பதையோ முதலில் எடுங்கள். பசை எவ்வளவு சூட்டில் இளகுகிறது, டேப் கிழிகிறதா முழுதாக வருகிறதா, அடியில் என்ன தடம் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஒரு துண்டு சொல்லிவிடும். அங்கே ஏதாவது கெட்டாலும் யார் கண்ணிலும் படாது.

ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் துண்டுகள் இருந்தால் மேலே இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். கியர் கன்சோலில் இது அடிக்கடி வரும். ஓரத்தில் நகம் போகாத துண்டு வந்தால், பக்கத்துத் துண்டு அதை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

சில பேனல்களைத் தனியாகக் கழற்றி வெளியே எடுக்க முடியும். பவர் விண்டோ சுவிட்ச் பட்டை, சாம்பல் கிண்ண மூடி போன்றவை அப்படி. அவற்றின் கிளிப்புகள் எங்கே இருக்கின்றன என்று உறுதியாகத் தெரிந்தால் கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். தெரியாவிட்டால் கழற்ற வேண்டாம். துண்டை எடுக்கப் போய்ப் பேனலை உடைப்பது வீண் செலவு.

7. சூடு காட்டி ஒரு மூலையைக் கிளப்புவது

முதலில், துண்டைச் சுற்றி டேஷ்போர்டின் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கார்டு அழுந்தும் இடத்துக்கு இது மெத்தை. பெயின்ட் அடித்த பேனலாக இருந்தால், செலோ டேப் சோதனையில் தேறியிருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

ஹேர் டிரையரை அதிகச் சூட்டில் வைத்து, நான்கு விரல் தூரத்தில் பிடித்து, ஒரு மூலையைச் சுற்றி மட்டும் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் மூலை சூடாகும். விரலை வைத்தால் சில நொடிகள் தாங்கும், அதற்கு மேல் எடுத்துவிடத் தோன்றும் என்றால் அதுதான் பதம். ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி. விரல் வைத்த உடனே சுட்டால் ஆற விடுங்கள்.

துண்டு முழுவதையும் ஒரே தடவையில் சூடாக்கப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. கடைசி மூலைக்கு வருவதற்குள் முதல் மூலை ஆறியிருக்கும். மூலையை மட்டும் சூடாக்கி, அதைக் கிளப்பி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும்.

கார்டின் மூலையை மாஸ்கிங் டேப்பின் மேல் படுக்கை வாட்டில் வைத்து, துண்டுக்கு அடியில் மெதுவாகத் தள்ளுங்கள். மேலே தூக்க வேண்டாம். கார்டு பசைக்குள் 5 மி.மீ. போனாலே போதும். போகவில்லையென்றால் இன்னும் சூடு வேண்டும், பலம் வேண்டியதில்லை. மறுபடி ஒரு நிமிடம் டிரையரைக் காட்டிவிட்டு முயலுங்கள்.

8. டேப்பை அறுப்பது

வேலையின் முக்கியமான பகுதி இதுதான். இங்கே நிதானம் இருந்தால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

தடித்த துண்டுகளின் பின்னால் பெரும்பாலும் நுரை போன்ற இருபக்க டேப் இருக்கும். இந்தப் பசைக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக இழுத்தால் இறுகும், மெதுவாக இழுத்தால் இளகி நகரும். சடாரென்று பிய்க்கும்போது அது கெட்டியான பொருளைப் போல நடந்துகொண்டு, பெயின்ட்டையும் சேர்த்து இழுத்து வருகிறது. அதனால்தான் துண்டை மேல்நோக்கி இழுக்காமல், நடுவிலுள்ள நுரையை மட்டும் குறுக்கே அறுக்கிறோம். விசை முழுவதும் நுரையின் மேல் விழும். டேஷ்போர்டின் பரப்பு தப்பிக்கும்.

ஃப்ளாஸையோ நரம்பையோ ஒரு முழ நீளத்துக்கு எடுத்து, இரு முனைகளையும் கையுறை போட்ட விரல்களில் இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். கிளப்பிய மூலைக்கு அடியில் நூலை நுழைத்து, ரம்பம் போல இடமும் வலமும் இழுத்துக்கொண்டே முன்னே நகர்த்துங்கள். நூலைத் துண்டின் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பது முக்கியம். டேஷ்போர்டின் பக்கம் சாய்ந்தால் சொரசொரப்பின் மேல் உரசி, பளபளப்பான கோடு போட்டுவிடும். மெத்தென்ற பெயின்ட் உள்ள பேனலில் அந்தக் கோடு நிரந்தரம்.

மூன்று நான்கு செ.மீ. அறுத்ததும் நிறுத்தி, அடுத்த பகுதிக்குச் சூடு காட்டுங்கள். அறுத்த பகுதி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடையில் ஒரு கார்டைச் செருகி வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இளகிய பசை துண்டின் எடையிலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். நூல் ஓரிடத்தில் நகராமல் நின்றால் பலம் கொடுக்க வேண்டாம். அங்கே பசை ஆறியிருக்கும், இல்லையென்றால் வேறு ஏதோ இருக்கும். அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

வளையும் பிசின் துண்டாக இருந்தால் நூல் தேவைப்படாமலே போகலாம். மூலையைக் கிளப்பியதும், துண்டைத் தன் மேலேயே மடித்து, டேஷ்போர்டின் பரப்பை ஒட்டியபடி பின்னோக்கி இழுங்கள். செங்குத்தாக மேலே இழுக்கக் கூடாது. ஒரு கை இழுக்க, மறு கை பசை பிரியும் கோட்டில் டிரையரைக் காட்ட, மெதுவாக வரும். நிமிடத்துக்கு ஒரு சாண் போனால் நல்ல வேகம். உதவிக்கு ஒருவர் டிரையர் பிடித்தால் இன்னும் நல்லது.

துண்டு நடுவில் உடைந்தால் பதற வேண்டாம். மீதியின் உடைந்த விளிம்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, எதிர் மூலையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

9. சிக்கலான இடங்கள்

ஏ.சி. வென்ட்டைச் சுற்றியுள்ள துண்டுகள் மெலிந்த கால்களோடு இருக்கும். இவற்றை நெம்பும்போது வென்ட்டின் தகடுகளில் கையை ஊன்றிவிடுகிறார்கள், தகட்டின் முனை ஒடிந்துவிடுகிறது. அதனால் வெளிவிளிம்பிலிருந்து மட்டும் அறுத்து வாருங்கள். உள்விளிம்பு தானாகப் பிரியும்.

மீட்டரின் முன்னால் இருப்பது கண்ணாடியல்ல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். சூட்டிலும் கீறலிலும் சீக்கிரம் கெடும். அதைச் சுற்றி வேலை செய்யும்போது ஈரத் துணியை மடித்து மீட்டரை மூடிவிடுங்கள். திரவம் எதுவும் அதன் மேல் படக் கூடாது. ஸ்டீரியோவின் திரைக்கும் இதே கவனம் தேவை.

கெட்டியான துண்டுகளில் டேப் சரியாகப் பிடிக்காத மூலைகளுக்கு, ஒட்டுபவர்கள் சில சமயம் ஃபெவிக்விக் வகைப் பசையைச் சொட்டியிருப்பார்கள். நூல் நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சூட்டுக்கு அது நூல் போகிற அளவு இளகாது. கரைக்கும் அசிட்டோனோ பேனலையும் கரைக்கும். இங்கே செய்யக்கூடியது, அந்தச் சொட்டைச் சுற்றிலும் டேப்பை முழுவதும் அறுத்து எடுத்துவிட்டு, பரப்பை ஆற விடுவது. இந்தப் பசை ஆறிய நிலையில் கண்ணாடி போல நொறுங்கும். கார்டை அடியில் செருகி, துண்டை இலேசாகப் பக்கவாட்டில் திருகினால் பாலிபுரொப்பிலீன் பரப்பிலிருந்து பெரும்பாலும் விட்டுவிடும். ஏபிஎஸ்ஸில் பிடித்திருந்தால், அதைப் பிடுங்கும்போது அடிப் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு செதில் வரலாம். அப்படித் தோன்றினால் ஏற்கெனவே பிரிந்த பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சொட்டு இருக்கும் அளவை மட்டும் விட்டுவிடுவதே மேல்.

10. மீந்த பசை: முதலில் உலர்ந்த கையால்

துண்டுகள் எல்லாம் வந்த பிறகு டேஷ்போர்டு பார்க்கப் பயமாக இருக்கும். நுரைத் திட்டுகளும் பசைக் கோடுகளும் எங்கும் நிற்கும். இந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் திரவத்தை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம். தடித்த பசையின் மேல் திரவம் பட்டால் அது கூழாகிப் பரவி, பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் இறங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுக்க மணிக்கணக்காகும்.

பரப்பு ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். நுரையின் ஒரு முனையைக் கட்டை விரலால் தள்ளி, முன்னோக்கி உருட்டுங்கள். உருண்டை சேரச் சேர அதுவே அடுத்த பசையை இழுத்துக்கொண்டு வரும். சில டேப்புகள் ஒரு முனையைப் பிடித்து, பரப்பை ஒட்டியபடி மெதுவாக நீட்டினால் ரப்பர் பேண்ட் போல நீண்டு முழுதாக வந்துவிடும். அதை முதலில் முயன்று பாருங்கள்.

உருட்ட வராத மெல்லிய படலத்துக்கு அகலமான டேப்பைப் பயன்படுத்துங்கள். பசையின் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரிக்க வேண்டும். பசைக்குப் பசை நன்றாகப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வரும். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பகுதி இப்படியே போய்விடும். வெளியே கார் பாடியில் ஸ்டிக்கர் எடுக்க டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அதன் உராய்வுச் சூடு சொரசொரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும்.

11. கடைசிப் பிசுக்குக்குத் திரவம்

ஹேர் டிரையரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, வண்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

முதலில் தேங்காய் எண்ணெய். இது பிளாஸ்டிக்கைக் கரைக்காது, பசையை இளக்கும். பஞ்சில் தொட்டுப் பிசுக்கின் மேல் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். உடனே தேய்ப்பதால் பயனில்லை, எண்ணெய் பசைக்குள் ஊற நேரம் வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடைத்து எடுங்கள். சொரசொரப்புக்குள் நிற்பதற்கு மென்மையான பிரஷ்ஷை வட்டமாக ஓட்டுங்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயை முழுவதும் எடுங்கள். இந்தப் படியைத் தாண்டக் கூடாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆல்கஹாலைத் தேய்த்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

இன்னும் ஒட்டுகிற இடங்களுக்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கண்ணில் படாத மூலையில் முதலில் துடைத்துப் பாருங்கள். துணியில் பேனலின் நிறம் வராவிட்டால் தொடரலாம். திரவத்தைத் துணியில் தொட்டுக்கொள்ள வேண்டும், டேஷ்போர்டின் மேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. சுவிட்சுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். கையில் தடவும் சானிடைசர் ஜெல் இதற்கு மாற்றாகாது, அதிலுள்ள மற்றச் சேர்மானங்கள் படிந்து நிற்கும். மெத்தென்ற பெயின்ட் உள்ள பரப்பில் ஆல்கஹாலை முற்றிலும் தவிருங்கள். அங்கே எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் மட்டும்தான்.

பசையெல்லாம் போன பிறகும் டேப் இருந்த இடத்தில் பளபளப்பான கோடு தெரிகிறதென்றால், அது டேப் நன்றாகப் பிடிக்க அடித்த பிரைமராக இருக்கலாம். வலுவான திரவங்களைத் தேடிப் போகாதீர்கள். ஆல்கஹாலில் இரண்டு மூன்று முறை துடைத்தும் போகாத பிரைமர், பிளாஸ்டிக்கைச் சுரண்டாமல் போகாது.

12. தடமும் ஓட்டையும்

துண்டு இருந்த இடம் அடர்ந்த நிறமாகவும், சுற்றியுள்ள பகுதி வெளிறியும் தெரிந்தால் அது அழுக்கல்ல. வெயில் பட்ட இடம் மங்கியிருக்கிறது, மூடியிருந்த இடம் புதிதாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் இது மாறாது. கறுப்பு, அடர் சாம்பல் டேஷ்போர்டில் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். பழுப்பு நிறத்தில் நன்றாகத் தெரியும். முழு டேஷ்போர்டையும் சோப்புத் தண்ணீரில் சுத்தம் செய்து காய்ந்த பிறகுதான் இதை மதிப்பிட வேண்டும். ஈரத்தில் எல்லாம் ஒரே நிறமாகத் தோன்றி ஏமாற்றும்.

வித்தியாசம் உறுத்தினால், பளபளப்பு தராத பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங்கை (பிளாஸ்டிக்கின் மேல் தடவும் மெருகு திரவம்) முழுப் பேனலுக்கும் ஒரே சீராகத் தடவலாம், வெளிறிய பகுதி சற்று அடர்ந்து தெரியும். வேலை முடிந்த அன்றே தடவ வேண்டாம். ஒரு நாள் விட்டு, வெயிலில் நின்ற பிறகு விரலை ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்திருந்தபோது தெரியாத பிசுக்கு சூட்டில் மேலே வந்து ஒட்டும். அந்த இடங்களை மறுபடி எண்ணெயிலிருந்து தொடங்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் டிரெஸ்ஸிங்.

சில வண்டிகளில் துண்டுக்கு அடியில் ஸ்குரூ ஓட்டையோ, பழைய கீறலோ இருக்கும். அதை மறைக்கத்தான் அந்தக் கிட்டையே ஒட்டியிருப்பார்கள். தனியாகக் கழற்றக்கூடிய பேனலென்றால் பழைய வண்டி உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் பேனல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னையில் புதுப்பேட்டையில் தேடலாம். போகும்போது உங்கள் பேனலைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் கிளிப்பின் இடமும் நிறமும் மாறும், படத்தைக் காட்டி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.